அம்மாவின் பல் செட் ஆடுகிறது: புதிதா, திரும்பப் பொருத்துவதா?

மார்ச் 3, கேள்வி

அம்மாவுக்குக் கீழே முழுப் பல் செட். செய்து மூன்று வருடம்தான் ஆகிறது. இப்போது பேசினாலே எழும்புகிறது, சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுகிறார். ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் வரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் செய்தவர் அளவு சரியாக எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யவா? அப்புறம் என் விஷயம் ஒன்று. பற்கள் மஞ்சளாக இருக்கின்றன, முன்பல்லில் ஒரு பழைய அடைப்பும் இருக்கிறது. பல் வெளுத்துக்கொள்ள ஆசை. அடைப்பை மாற்றிவிட்டு வெளுப்பதா, வெளுத்துவிட்டு மாற்றுவதா?

மார்ச் 3, இரவு

தூக்கிப் போடாதீர்கள். செய்தவர் மேலும் பழி போடாதீர்கள். செட் அப்படியேதான் இருக்கிறது, அம்மாவின் தாடை மாறிவிட்டது.

பல்லைப் பிடுங்கிய பிறகு அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை. உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வேகமாகக் கரையும், பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். செட் கெட்டியான அக்ரிலிக் பிளாஸ்டிக், அது கூடவே சுருங்காது. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது, ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த இடைவெளியை நிரப்பத் தனியாக ஒரு வைத்தியமே இருக்கிறது, ரீலைன் என்பார்கள். பல் வெளுப்பதைப் பற்றி நாளையோ மறுநாளோ எழுதுகிறேன், அதில் நானே பட்டிருக்கிறேன்.

மார்ச் 4, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ஏன் கீழ் செட் மட்டும் ஆடுகிறது, மேல் செட் போட்டவர்கள் ஏன் இந்த அளவு புலம்புவதில்லை?

மேல் செட் அண்ணம் முழுக்க மூடி உட்காரும். எச்சிலின் மெல்லிய படலமும் ஓரத்தில் காற்றுப் புகாத அடைப்பும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. கீழ் செட் குதிரை லாட வடிவம். அதற்குக் கிடைக்கும் ஈறுப் பரப்பு மேலே கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். நடுவில் நாக்கு நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிறது. போதாததற்குக் கீழ்த்தாடை எலும்புதான் அதிகம் கரையும். 25 ஆண்டுகள் பல் செட் போட்டவர்களைத் தொடர்ந்து அளந்து தால்கிரன் என்ற ஆய்வாளர் 1972ல் வெளியிட்ட கணக்குப்படி, கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைப் போல நான்கு மடங்கு குறைகிறது.

என் அப்பாவுக்கு இதுதான் நடந்தது. கீழ் முழுச் செட் போட்டு நாலு வருடத்துக்கு அப்புறம் பேசும்போது ‘ச’ வருகிற இடமெல்லாம் ஒரு சத்தம் கேட்கும், கட்டை தட்டுகிற மாதிரி. ஏதும் தொந்தரவா என்று கேட்டால் இல்லை என்பார். ஒரு நாள் கழுவி வைத்திருந்த செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் துணியை மடித்து ஒட்டியிருந்தார். ஒரு மடிப்பு இல்லை, மூன்று. எத்தனை மாதமாக என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய விதத்தில் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. உங்கள் அம்மா கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு அந்தத் துணி மடிப்புதான் கண்ணில் வந்தது. தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

மார்ச் 4, மதியம்

ரீலைன் எப்படிச் செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய செட்டின் உள்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி, அதையே அச்சு எடுக்கும் டிரே மாதிரி வைத்து, புதிதாக அச்சு எடுப்பார்கள். உதட்டைக் குவியுங்கள், நாக்கை நீட்டுங்கள், கன்னத்தை உள்ளிழுங்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார்கள். வாய் அசையும்போது செட்டின் ஓரம் எங்கே முடிய வேண்டும் என்பதை அந்த அசைவுதான் காட்டிக்கொடுக்கும். பிறகு அச்சின் இடத்தில் அக்ரிலிக் நிரப்புவார்கள். பற்களை யாரும் தொடுவதில்லை, உள்பக்கம் மட்டும் புதிது. ஒரு மணி நேர வேலை.

மார்ச் 5

மேலே ‘ஒரு மணி நேர வேலை’ என்று எழுதியதைத் திருத்துகிறேன். அவசரத்தில் இரண்டு முறைகளை ஒன்றாகக் கலந்துவிட்டேன்.

நாற்காலியில் உட்கார வைத்தே செய்வது ஒன்று. அதில் தானாக இறுகும் அக்ரிலிக்கை நேரே வாயிலேயே வைத்து எடுப்பார்கள். இறுகும்போது சூடேறும், மூக்கில் ஏறுகிற வாடை வரும், முழுதும் இறுகுவதற்குள் வெளியே எடுத்துவிடுவார்கள். இதுதான் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இன்னொன்று, அச்சு எடுத்த செட்டை லேபுக்கு அனுப்பி, அங்கே செய்து வாங்குவது. நுண்துளைகள் குறைவு, அதிக நாள் தாங்கும். ஆனால் காலையில் கொடுத்தால் மாலை, இல்லாவிட்டால் மறுநாள். அதுவரை செட் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அன்றைக்கு வீட்டில் விருந்தாளி வராத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பல் இல்லாமல் நாலு பேர் முன்னால் உட்காருவது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாது.

மென்மையான ரீலைனும் உண்டு. ஈறு மெலிந்து எலும்பு கத்தி முனை மாதிரி நிற்பவர்களுக்கு ரப்பர் போன்ற பொருளை உள்ளே வைப்பார்கள். சுகமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கெட்டிப்படும், கிருமி தங்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு அடிப்பகுதி முழுவதையும் மாற்றி, பற்களை மட்டும் வைத்துக்கொள்வதற்கு ரீபேஸ் என்று பெயர். பற்களே தேய்ந்து தட்டையாகிவிட்டால், வாயை மூடும்போது மூக்கும் தாடையும் முன்பைவிட நெருங்கி வந்துவிட்டால், அப்போதுதான் புதுச் செட்.

மார்ச் 5, இரவு

கடையில் கிடைக்கும் ரீலைன் பொட்டலத்தை வாங்கி வீட்டிலேயே செய்யலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். கடி, அதாவது மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதம், அரை மில்லிமீட்டர் மாறினாலும் ஒரு பக்கம் மட்டும் தாங்கும், அந்தப் பக்கத்து எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். அப்பாவின் துணி மடிப்பும் அதைத்தான் செய்தது.

மார்ச் 7

இப்போது பல் வெளுப்பது.

எனக்கு மேலே முன்பல் ஒன்றும் அதை ஒட்டிய பல்லும் கிடையாது. கழற்றி மாட்டும் சின்னச் செட்தான், இரண்டு பல் வைத்தது. மற்றவை சொந்தப் பற்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு வெளுத்துக்கொள்ளப் போனேன். வாய்க்கு அளவாக டிரே செய்து ஜெல் கொடுத்தார்கள். இரண்டு வாரம், இரவு தூங்கும்போது. நன்றாகவே வெளுத்தது, பல்லின் நிறத்தை ஒப்பிடும் ஷேட் அட்டையில் ஏ3 இருந்தது, அதைவிட வெளிறிய ஏ1 ஆனது. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு பல் மட்டும் பழைய மஞ்சளில் அப்படியே நின்றது.

செட்டில் உள்ள பல் வெளுக்காது. பல்லின் மேல் உறையாகப் போடும் கேப் வெளுக்காது. அடைப்பும் வெளுக்காது. ஜெல்லில் இருக்கும் பெராக்சைடு இயற்கைப் பல்லின் வெளி அடுக்கான எனாமல் வழியாக உள்ளே போய், அங்கே நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. அக்ரிலிக்கிலும் பீங்கானிலும் அப்படி உடைக்க ஒன்றுமில்லை. எனக்கு வெளுத்துவிட்டவர் வாயில் செட் இருப்பதைப் பார்த்தும் இதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் செட்டிலிருந்த இரண்டு பல்லையும் வெட்டி எடுத்துவிட்டு, அதே அடிப்பகுதியில் வெளிர் நிறப் பற்களை வைத்துத் தந்தார் வேறொரு மருத்துவர்.

ஆகவே உங்கள் கேள்விக்கு: முதலில் வெளுப்பது. அப்புறம் குறைந்தது இரண்டு வாரம் சும்மா இருப்பது. அதன் பிறகு அடைப்பை மாற்றுவது. இரண்டு வாரம் எதற்கு என்றால், வெளுத்த நிறம் கொஞ்சம் இறங்கி நிலைக்க வேண்டும். அதோடு, பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் புது அடைப்பை ஒட்டவிடாது. உடனே வைத்தால் ஓரம் பிடிக்காமல் போகும்.

மார்ச் 7, கொஞ்சம் கழித்து

பல் ஏன் மஞ்சளாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அழுக்கு என்று நினைத்து நிறைய பேர் தேய்த்துத் தேய்த்தே கெடுத்துக்கொள்கிறார்கள். எனாமல் ஏறத்தாழ கண்ணாடி மாதிரி, ஒளி ஊடுருவும். அதன் கீழே இருக்கும் டென்டின்தான் மஞ்சள். வயதாக ஆக எனாமல் மெலிகிறது, டென்டின் தடிக்கிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. கரித்தூள் போட்டுத் தேய்த்தால் எனாமல்தான் இன்னும் மெலியும், மஞ்சள் கூடத்தான் செய்யும். எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும் அப்படியே, அமிலம் எனாமலைக் கரைக்கும், கரைந்தது திரும்ப வளராது.

மார்ச் 8

ஜெல்லின் அளவு கேட்டிருந்தீர்கள். 10% கார்பமைடு பெராக்சைடு என்று இருந்தால் அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5%தான், பயப்பட வேண்டாம். இரவில் டிரே போடும் இந்த முறை 1989ல் மருத்துவ இதழில் வந்ததிலிருந்து அதிகம் சோதிக்கப்பட்டதும் இந்த அளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1%க்கு மேல் 6% வரை உள்ளதைப் பல் மருத்துவர் வழியாக மட்டுமே கொடுக்கலாம், 18 வயதுக்குக் கீழே கூடாது என்று சட்டமே இருக்கிறது. விளக்கு வைத்து ஒரே நாளில் வெளுப்பதில் விளக்கைவிட ஜெல்தான் வேலை செய்கிறது. வாயைத் திறந்தே வைத்திருப்பதால் பல் உலர்ந்து இன்னும் வெள்ளையாகத் தெரியும், ஓரிரு நாளில் ஈரம் ஏறியதும் அந்தக் கூடுதல் வெண்மை போய்விடும்.

கூச்சம் வரும். எனக்கு நாலாம் இரவு வந்தது, மூச்சு உள்ளே இழுத்தாலே சுரீர் என்றது. ஒரு இரவு விட்டு ஒரு இரவு போட்டேன், பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைத் தேய்த்தேன், அடங்கிவிட்டது. சொத்தை இருந்தால் முதலில் அதை அடையுங்கள், தற்காலிகமாகவாவது. ஓட்டைப் பல்லுக்குள் ஜெல் போனால் அந்த வலி வேறு.

மார்ச் 9

ஸ்கேலிங், அதாவது பல்லில் இறுகிய காரையை எடுத்துச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி எத்தனை பேர் வருடக்கணக்கில் சுத்தம் செய்யாமல் இருந்து பல்லையே இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பல்லில் படியும் கிருமிப் படலம் எச்சிலிலுள்ள கால்சியத்தால் இறுகிக் காரையாகிறது. எச்சில் சுரப்பிகள் திறக்கும் இடத்துக்கு எதிரே, அதாவது கீழ் முன்பற்களின் உள்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும் அதிகம் சேரும். நாக்கால் தடவிப் பாருங்கள், கீழ் முன்பல்லின் பின்னால் சொரசொரப்பாக இருக்கும். அது ஈறைத் தள்ளி, எலும்பைக் கீழே இறக்கிவிடுகிறது. பல் அப்போதே ஆடத் தொடங்கியாயிற்று, காரைதான் சிமெண்டுப் பூச்சு மாதிரி பிடித்து நிறுத்தியிருக்கிறது. எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. இடைவெளியும் அப்படித்தான், காரை அடைத்திருந்த இடம் வெளிப்படுகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், போய்விடும்.

வெளுப்பதற்கு முன்னால் ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள். சிலருக்கு அதோடேயே போதும் என்று தோன்றிவிடும், வெளுக்கவே வேண்டியிருக்காது.

மார்ச் 12

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘செய்தவர் மேல் பழி போடாதீர்கள்’ என்று ஒரே அடியாகச் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று வருடம் நன்றாக இருந்து பிறகு ஆடினால் அது எலும்பு. ஆனால் போட்ட முதல் வாரத்திலிருந்தே எழும்புகிறது, ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் தூக்குகிறது என்றால் கடி தப்பாகப் பதிந்திருக்கும், அல்லது ஓரம் நீளமாக இருக்கும். அதற்கு ரீலைன் செய்தால் தப்பான கடியே நிலைத்துவிடும். அம்மாவிடம் கேளுங்கள், ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று. பல்லைப் பிடுங்கிய அன்றே போட்டுவிட்ட செட் என்றால் சில மாதத்திலேயே ரீலைன் வேண்டியிருக்கும், அதைச் செட் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு மறுயோசனை, ஒட்டும் பசை பற்றி. பசையே போடக்கூடாது என்று வேறொருவருக்கு பதில் எழுதியிருந்தேன். அது அதிகம். நன்றாகப் பொருந்திய செட்டுக்கு மூன்று நாலு சின்னப் பொட்டாக வைப்பதில் தப்பில்லை, வெளியே போகும் நாளில் தைரியம் தரும். குழாய் குழாயாகத் தீர்ந்தால்தான் அது செட் பொருந்தவில்லை என்பதற்கு அடையாளம். துத்தநாகம் கலந்த பசையை நிறைய, வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்து கை கால் மரத்துப் போய் நடையே தடுமாறியது பதிவாகியிருக்கிறது. துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ரீலைனுக்கும் நிற்காத அளவு எலும்பு போய்விட்டால் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (செயற்கை வேர்) வைத்து, அதில் செட்டைச் சட்டைப் பொத்தான் மாதிரி சொருகும் முறை இருக்கிறது. 2002ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்றார்கள். அம்மா எலும்பு அடர்த்தி குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

மார்ச் 15

ஒரு முன்பல் மட்டும் சாம்பல் நிறம் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! சின்ன வயதில் விழுந்தீர்களா? அடிபட்ட பல்லுக்குள் நரம்பு செத்து, ரத்தத்தின் நிறம் டென்டினில் ஊறிப்போனால் இப்படி ஆகும். டிரே போட்டால் சுற்றியுள்ளவை வெளுத்து அது இன்னும் கறுப்பாகத் தெரியும். முதலில் எக்ஸ்ரே. வேர் நுனியில் சீழ் இருக்கலாம், வலியே இல்லாமல். ரூட் கெனால் செய்து, அதாவது வேருக்குள் செத்த நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்து, பிறகு அந்தப் பல்லின் உள்ளேயே வெளுக்கும் மருந்தை வைத்து மூடி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பல்லைச் செதுக்கிக் கேப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள். ரூட் கெனால் என்றதும் பயப்படாதீர்கள், முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய்தான். செத்துப்போன நரம்பு வலிக்காது.

மார்ச் 19

நாளைக்கு அம்மாவுக்கு அச்சு எடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், காலையிலும் போட வேண்டாம். செட் அழுத்தி ஈறு நசுங்கியிருக்கும், அது எழும்பித் தன் வடிவத்துக்கு வந்த பிறகுதான் அச்சு சரியாக விழும். அப்பாவுக்கு ஓரத்தில் சதை மடிப்பே வளர்ந்திருந்தது. இரண்டு வாரம் செட்டே வேண்டாம் என்று சொல்லி, ஓரத்தைக் குறைத்து, பிறகு ஈறு ஆற மென்மையான மருந்துப் பூச்சு வைத்து, அது சுருங்கிய பின்தான் ரீலைன் செய்தார்கள்.

இனி தினமும் இரவு கழற்றட்டும். வாயிலேயே கிடந்தால் காளான் தொற்றில் ஈறு சிவந்து, வாயோரம் வெடிக்கும். சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும், பற்பசை வேண்டாம், அதிலுள்ள பொடி அக்ரிலிக்கைக் கீறிவிடும். கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது, வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை நழுவினாலும் உடையாது.

ஏப்ரல் 2

பேசும்போது எழும்பவில்லை, ஆனால் இடது பக்கம் ஒரு இடத்தில் குத்துகிறது, அம்மா மறுபடி கழற்றி வைத்துவிட்டார் என்று படித்தேன். இது வழக்கம்தான், கைவிட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும் நாளன்று காலையில் மட்டுமாவது செட்டைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஈறில் சிவப்பு தெரிந்தால்தான் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். அப்பாவுக்குச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். செட்டின் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பசையை மெல்லிசாகப் பூசி, வாயில் வைத்து அழுத்தி, எடுத்தார் மருத்துவர். வெள்ளைக்கு நடுவில் ஒரு மிளகு அளவுக்குப் பசை விலகி இளஞ்சிவப்பு தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் மெஷினால் ஒரு தொடு தொட்டார். திரும்பப் பூசி, திரும்பப் பார்த்து, மூன்று முறை. மூன்றாம் முறை பசை விலகவில்லை. அப்பா வாயை மூடித் திறந்து பார்த்துவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தட்டும் சத்தம் இல்லை.

குத்துகிற இடத்தை நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். சரி செய்த பிறகும் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் திரும்பக் காட்டியே ஆக வேண்டும், செட் குத்தியதுதான் என்று விட்டுவிட வேண்டாம். உங்கள் எக்ஸ்ரே என்ன ஆயிற்று?